தம்பியின் கையெழுத்து செல்லாது, உங்கள் கையெழுத்து செல்லும்

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், கூடவே போனில் எடுத்த பதினொரு போட்டோக்கள். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. கடிதம் எழுதியவர் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறார், வயது 27. தம்பி லெஃப்ட் விங்கில் ஆடுகிறவர். எட்டாவது முடித்ததும் சென்னையில் ஒரு தனியார் கால்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். மாதம் 8,000 ரூபாய், மூன்று வருடம். பெரும்பகுதி அக்காவின் சம்பளத்திலும் மகளிர் குழுக் கடனிலும்தான் ஓடியிருக்கிறது. ஏப்ரலில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் தம்பியைப் பார்த்த வெளிமாநில கிளப் கோச் ஒருவர், நம்பர் வாங்கி நேராக அப்பாவுக்கே போன் செய்திருக்கிறார். இப்போது அந்த கிளப் மாதம் 25,000, தங்குமிடம், சாப்பாடு என்று மூன்று வருட ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இதற்கு நடுவில் மே மாதம் சேலத்தில் நடந்த ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டியில் அறிமுகமான ஒருவர், “இனிமேல் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று ஏஜென்ட் ஆகிவிட்டார். அவர் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஸ்பெயினில் ட்ரையலுக்கு 1,80,000 தனி. அகாடமியோ இரண்டு லட்சம் கட்டினால்தான் என்ஓசி (தடையில்லாச் சான்று) என்கிறது. போதாக்குறைக்கு, வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து தம்பியின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது, அதன்படி பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் இருப்பதைவிட அவருக்கு ஒரு வயது கூடுதல். முழங்கால் வலி வேறு. பிளஸ் டூ வகுப்புக்குப் போகவில்லை.

கடைசியில் ஒரு கேள்வி: “தம்பி மைனர்தானே சார், பின்னாடி ஏதாவது பிரச்சினை வந்தால் செல்லாது என்று சொல்லிவிடலாம் இல்லையா? இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?”

போடாதீர்கள் அம்மா. கிளப் அனுப்பிய ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை, அதில் பேசிச் சரிசெய்ய இடம் இருக்கிறது. அந்த ஏஜென்ட் கொடுத்த பத்திரத்தைச் சொல்கிறேன்.

மைனர் விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்தது பாதி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 11-ன்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். அப்படிச் செய்தால் அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னதுதான் இன்றைக்கும் சட்டம். ஆக, தம்பி எதில் கையெழுத்துப் போட்டாலும் அதை வைத்து அவர்மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். இது அந்த ஏஜென்டுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான், நீங்கள் அனுப்பிய ஒன்பதாவது போட்டோவில், பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், அப்பா பெயருக்குக் கீழே “ஜாமீன்தாரர்” என்று உங்கள் பெயரையும் உங்கள் சேலம் முகவரியையும் டைப் செய்து வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தை மீறினால் பத்து லட்சம் நஷ்டஈடு, அதற்கு ஜாமீன்தாரர் தனியாகவும் சேர்ந்தும் பொறுப்பு என்று ஏழாவது ஷரத்து சொல்கிறது. உங்களுக்கு 27 வயது. மாதச் சம்பளம் வருகிறது. மைனர் என்று சொல்லித் தம்பி வெளியே வந்துவிடலாம், வக்கீல் நோட்டீஸ் வந்து நிற்கப்போவது உங்கள் பெயருக்கு. மைனருக்காக ஜாமீன் நின்ற பெரியவர்களே கடனாளி போலப் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னது உண்டு. பத்து லட்சத்தையும் அப்படியே கொடு என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார், பிரிவு 74-ன்படி நியாயமான தொகைதான். ஆனால் அந்த நியாயத்தைப் பேசி வாங்க ஐந்தாறு வருடம் நீங்கள் கோர்ட் படி ஏற வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். முதல் பக்கத்தின் மேலே ஸ்டாம்ப் வெண்டர் எழுதியிருக்கும் தேதி பிப்ரவரி. உங்கள் தம்பியை அவர் முதன்முதலில் பார்த்தது மே மாதம். பிப்ரவரியிலேயே தன் பெயரில் பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடியிருக்கிறார். தம்பியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிதாக, வரியை விட்டு மேலேறி நிற்கிறது பாருங்கள். பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போட்டு எடுத்த பிரிண்ட் மாதிரி இருக்கிறது. இதே வாசகத்தில் இன்னும் எத்தனை வீட்டில் கையெழுத்து வாங்கியிருப்பாரோ.

அவர் கொண்டுவந்த வாய்ப்பு என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். கோச் போன் செய்தது ஏப்ரல், இவர் வந்தது மே. வாய்ப்பைக் கொண்டுவந்தது உங்கள் தம்பியின் இடது கால். இவர் கேட்பது சம்பளத்தில் 20 சதவீதம், அதாவது மாதம் 5,000, மூன்று வருடத்தில் 1,80,000. ஸ்பெயினுக்கு இன்னொரு 1,80,000. தம்பியின் மொத்தச் சம்பளம் ஒன்பது லட்சம், அதில் 3,60,000 இவருக்கு. அதுவும் சம்பளம் முதலில் இவர் கணக்குக்கு வருமாம், பிடித்தது போக மீதியை அனுப்புவாராம். அட!

கால்பந்தில் ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ள உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபாவின் இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது, பெயரை அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வீரரோடு போடும் பிரதிநிதித்துவ ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது, தானாக நீளக்கூடாது. இவருடையது ஐந்து வருடம். மைனரை அணுகுவதற்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் முதலில் வேண்டும், மைதானத்து ஓரத்தில் தோளில் கைபோட்டுப் பேசுவதெல்லாம் கணக்கில் வராது. கமிஷனுக்கு ஃபிஃபா எழுதிய உச்சவரம்பே சம்பளத்தில் 3 முதல் 5 சதவீதம்தான். அந்த வரம்பை எதிர்த்து ஐரோப்பாவில் ஏஜென்டுகள் கோர்ட்டுக்குப் போனதும், 2023 கடைசியில் ஃபிஃபா அதை நிறுத்திவைத்ததும் தனிக்கதை, ஆனால் அவர்கள்கூட 20 கேட்டுப் போகவில்லை.

ஸ்பெயின்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள வீரர் வேறு நாட்டு கிளப்புக்கு மாறுவதை ஃபிஃபா விதி 19 தடுக்கிறது. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபோவது, ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறுவது போலச் சில விலக்குகள் உண்டு, ஏற்காட்டுப் பையனுக்கு அதில் எதுவும் பொருந்தாது. சிறுவர்களைச் சேர்த்ததற்காக 2014-ல் பார்சிலோனாவுக்கே இரண்டு டிரான்ஸ்ஃபர் சீசன்கள் புது ஆள் எடுக்கத் தடை போட்டது ஃபிஃபா. பணம் கொடுக்காதீர்கள், முன்பணமாகக் கூட.

வயது

உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கவலை தந்த இடம் இதுதான், நீங்கள் என்னவோ கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கைக்குக் கிடைக்காமல், வாத்தியார் தோராயமாக ஒரு தேதி எழுதிக்கொண்டார் என்கிறீர்கள். நம்புகிறேன். மலைமேல் இப்படி எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. அதுவரை யார் மேலும் தப்பில்லை. ஆனால் ஏஜென்ட் “அதைக் கிழித்துப் போட்டுடுங்க, ஒரு வயசு குறைவா இருந்தா மார்க்கெட் அதிகம்” என்று சொன்னாரே, அந்த நிமிடத்திலிருந்து விஷயம் வேறு. இதுவரை நடந்தது தவறுதல், தெரிந்த பிறகு மறைத்தால் மோசடி. தாளைக் கிழித்தாலும் பதிவேட்டில் இருப்பது போகாது, சேலத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை, பதிவு அங்கே அப்படியே இருக்கும். வயதுப் பிரிவுப் போட்டிகளில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. ஒருநாள் யாராவது எதிரணிக்காரர் புகார் கொடுத்தால், 22 வயதில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது தடை வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது: பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி ஒன்று வாங்குங்கள். பள்ளி வழியாகப் பிறந்த தேதித் திருத்தத்துக்கு மனு கொடுங்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் ஏற்கனவே அச்சாகிவிட்டதால் அநேகமாக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் யாரும் கடுமையாக எதிர்த்து வாதாடாத வகை வழக்கு. செலவுக்கு யோசித்தால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஆதாரை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாற்றுங்கள், பிறந்த தேதியைத் திருத்த அவர்கள் பொதுவாக ஒருமுறைதான் விடுவார்கள். அதற்கு முன்பே, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே, கிளப்புக்கும் மாநிலக் கால்பந்து சங்கத்துக்கும் நீங்களாக ஒரு கடிதம் எழுதி, சான்றிதழ் நகலை இணைத்துவிடுங்கள். 16 என்று நினைத்து எடுத்த கிளப், 17 முடியப்போகிறது என்றதும் பின்வாங்கலாம். அந்த ஆபத்து இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் சீனியர் அணிக்குத்தானே எடுக்கிறார்கள், அங்கே ஒரு வயது பெரிய விஷயமில்லை.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சான்றிதழ்படி தம்பிக்கு வரும் செப்டம்பரில் 18 நிரம்புகிறது.

கிளப் ஒப்பந்தம்

மைனர் சார்பில் அப்பா போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கு, 1949-ல் சட்ட இதழில் வந்த தீர்ப்பு. மைனர் பெண்ணைப் படத்தில் நடிக்க வைக்க அவளுடைய அப்பா தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போடுகிறார், அப்புறம் தயாரிப்பாளர் அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார், நஷ்டஈடு கேட்டுப் போனால் ஒப்பந்தமே செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. நீங்கள் ஏஜென்டுக்கு எதிராக நீட்ட நினைக்கும் அதே கத்தியைக் கிளப்பும் உங்கள் பக்கம் திருப்பலாம். பிறகு 18 ஆனதும் பழைய ஒப்பந்தத்தை ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்லிச் செல்லுபடியாக்கவும் முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

கால்பந்துக்குள் வேறு கணக்கு. ஃபிஃபா விதி 18-ன்படி 18 வயதுக்குட்பட்டவரோடு மூன்று வருடம் வரை தொழில்முறை ஒப்பந்தம் போடலாம், பெரியவர் என்றால் ஐந்து. சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில், சிஆர்எஸ் என்பார்கள், பெயர் ஏறிவிட்டால் சிவில் கோர்ட்டில் செல்லுமா செல்லாதா என்ற பேச்சே எழாமல் பையன் அந்த கிளப்பின் ஆள். ‘செல்லாது’ என்று சொல்லிக்கொண்டு நாளைக்கே வேறு கிளப்பில் இறங்கி ஆடிவிட முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செப்டம்பர் வரை காத்திருந்து தம்பியையே கையெழுத்துப் போட வைப்பேன், அதுவரை அழைப்புக் கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வேன். வீரர்களைப் பதிவு செய்யும் காலம் முடிகிறது, காத்திருக்க முடியாது என்று கிளப் சொன்னால், சரி, அப்பா கையெழுத்தோடு இப்போது போட்டு, 18 ஆனதும் அதே நிபந்தனைகளில் புதிதாகப் போட்டுத் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். அந்த ஆங்கில ஒப்பந்தத்தில் நான் பேனா வைத்த இடங்கள் இவை:

- மூன்று வருடம் முடிந்ததும் “கிளப் விரும்பினால்” இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம் என்கிறது நான்காவது ஷரத்து. தம்பி விரும்பினால் என்று எங்கேயும் இல்லை. எடுக்கச் சொல்லுங்கள். மொத்தமே இரண்டு வருடம் கேட்டுப் பாருங்கள், 20 வயதில் கை ஓங்கிய நிலையில் பேசலாம்.

- அடிபட்டால் அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்று ஒரு வரி கூட இல்லை. “தேவையான முதலுதவி” என்று மட்டும் இருக்கிறது. முதலுதவியா? முழங்கால் தசைநார் போனால் ஆறேழு மாதம் படுக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்துக் கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் அந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனின் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு, சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், சம்பளத்தில் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

- சம்பளம் தம்பி பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். வரி பிடித்தது போகக் கையில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

- கையெழுத்தான பிரதி ஒன்று அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும். ‘அப்புறம் அனுப்புகிறோம்’ என்பது வராது.

சம்பளம் நின்றால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, கற்பனைப் பயம் ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் நடத்தும் உரிமை பற்றிய இழுபறியில் ஐஎஸ்எல் போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டபோது சில கிளப்கள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் கிளப்புக்கு எழுத்தில் 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாயால் கேட்டதெல்லாம் கணக்கில்லை. இமெயில் அனுப்பத் தம்பிக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள்.

அகாடமி

மாதம் 8,000 வீதம் 36 மாதம், 2,88,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். இப்போது இன்னும் இரண்டு லட்சமா? பயிற்சி இழப்பீடு என்று ஒன்று கால்பந்தில் உண்டுதான், ஆனால் அது புது கிளப் பழைய கிளப்புக்குக் கொடுப்பது. வீரரின் வீட்டிலிருந்து வாங்குவதற்கு அதில் இடமே இல்லை. முதலில் தம்பியின் பெயர் சிஆர்எஸ்-ல் அந்த அகாடமியின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பதிவே இல்லை என்றால் என்ஓசி பேச்சே வீண். இருந்தால் மாற்றிக்கொள்வது புது கிளப்பின் வேலை, அவர்களையே பேசச் சொல்லுங்கள். இரண்டு லட்சம் கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், எழுதச் சொன்னாலே பாதிப் பேர் தொகையை மறந்துவிடுவார்கள். கோச்சிடம் மட்டும் சண்டை போடாதீர்கள். பையனைத் தயார் செய்தவர் அவர், பணம் கேட்பது நிர்வாகம்.

முழங்கால் பற்றி ஒரு வார்த்தை. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் பத்து வருடம் ரைட் பேக் ஆடிக் கடைசியில் ஒரு கோப்பையும் இல்லாமல், இடது முழங்காலில் தழும்போடு வக்கீல் தொழிலுக்கு வந்தவன் நான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், வலியை மறைத்து ஆட வேண்டாம். மாத்திரை போட்டு ட்ரையலில் ஆடினான் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பகீர் என்றது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொன்னால் எம்ஆர்ஐ எடுங்கள், கையெழுத்துக்கு முன்பே எடுங்கள். கையெழுத்தான பிறகு ‘மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி கிளப்பை விடாது. அதனால் கிளப்பும் முன்கூட்டியே பரிசோதிக்கத்தான் பார்க்கும், அப்போது தெரிவதற்குப் பதில் நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

“நடராஜன் மாதிரி ஒரே வருடத்தில் வாழ்க்கை மாறிவிடும்” என்று அப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2017 ஐபிஎல் ஏலத்தில் மூன்று கோடிக்குப் போனபோது அவருக்கு வயது 25. அதற்கு முன்னால் டென்னிஸ் பந்தில் போட்ட யார்க்கர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. தம்பிக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அந்த ஏழு வருடத்தில் பிளஸ் டூவை முடித்துவிடட்டும், கிளப்பில் இருந்துகொண்டே என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, சென்னையில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி போல வேலை கொடுத்து ஆட வைத்த அணிகளும் உண்டு. எந்த வேலைக்கும் படிப்புச் சான்றிதழையும் கேட்பார்கள், ஆடிய போட்டிகளின் சான்றிதழையும் கேட்பார்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் வீட்டுக்குள் கூட்டி உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள், அப்பாவுக்கு முகம் முறிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள், முறிக்கத் தேவையில்லை. “வக்கீலிடம் காட்டியிருக்கிறோம், உங்கள் ஃபிஃபா உரிம எண்ணைக் கேட்டார்” என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்து வேண்டாம், வெற்றுத் தாளிலும் வேண்டாம், ‘வந்து பார்த்ததற்கு ஒரு அத்தாட்சி’ என்று நோட்டை நீட்டினாலும் வேண்டாம். அந்தப் பிறப்புச் சான்றிதழ் மடிப்பில் கிழிகிறது, லேமினேட் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். செய்யாதீர்கள். பின்பக்கத்து முத்திரை கோர்ட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அப்பாவின் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.